கண் தெளிவாக இருக்கும்போதே பரிசோதனை ஏன்?

(பழவேற்காடு வட்டார மீனவக் கிராமங்களில் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நடந்த கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

சென்ற கூட்டத்தில் ஒரு யோசனையை உங்கள் முன் வைத்தோம். நம் பைத்துல்மாலிலிருந்து சர்க்கரை நோய்க்கு மருந்து உதவி பெறுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொண்டு, அந்தச் சீட்டை அறக்கட்டளையில் காட்ட வேண்டும் என்பது யோசனை. அன்றைக்கே இரண்டு எதிர்க் கேள்விகள் வந்தன. "கண் நன்றாகத் தெரிகிறவனை எதற்கு ஆஸ்பத்திரிக்கு அலைய விடுகிறீர்கள்?" என்பது ஒன்று. "மாத்திரை கேட்டு வரும் ஏழையிடம் நிபந்தனை போடலாமா?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் நம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் இரண்டாவதற்கும் பதில் கிடைத்துவிடும், இன்ஷா அல்லாஹ். ஆகவே இன்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பாடம் நடத்துவது போல இருந்தால் மன்னியுங்கள்.

முதலில் கொலாஜன் என்ற ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் புதிது, பொருள் புதிதல்ல. ஆட்டுக்கால் பாயா இரவு மீந்துபோனால் காலையில் எப்படி இருக்கிறது? பசை போல உறைந்து, கரண்டி வைத்தால் ஆடுகிறது. பெரிய மீன் தலையில் வைத்த குழம்பும் அப்படித்தான். தோலிலும் எலும்பிலும் மூட்டிலும் இருந்த கொலாஜன் வெந்து கரைந்து இறங்கியதால்தான் அது உறைகிறது. நம் உடம்பைக் கட்டி நிறுத்துகிற நார்ப் புரதம் அது. தோலுக்கு உறுதி தருவதும், எலும்புக்குப் பிடிமானம் தருவதும், இரத்தக் குழாயின் சுவரைத் தாங்குவதும் அதுதான்.

இந்தக் கொலாஜன் எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்னது நம் சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வாலில் உள்ள தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்தார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கயிறு போல அமைந்திருக்கின்றன என்று 1954-ல் எழுதினார்கள். 1955-ல் அதை இன்னும் திருத்தமாகச் சொன்னார்கள். அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் அரங்கத்துக்கு இன்றைக்கும் 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்றே பெயர். முப்புரிச் சுருள் என்று பொருள். கயிறு திரிக்கத் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது உடனே விளங்கும்: ஒற்றைப் புரி அறுந்துபோகும், மூன்று புரி சேர்ந்தால் தாங்கும்.

இனிக் கண்ணுக்கு வருவோம். கருவிழிக்கும் லென்ஸுக்கும் பின்னால், விழித்திரைக்கு முன்னால் ஒரு பெரிய அறை இருக்கிறது. கண்ணின் பெரும்பகுதி அந்த அறைதான். அதில் நிறைந்திருப்பது பளிங்கு போலத் தெளிந்த ஒரு கூழ். டாக்டர்கள் அதை விட்ரியஸ் என்பார்கள். லத்தீன் மொழியில் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். அரபியில் அந்தக் காலத்துக் கண் மருத்துவ நூல்களும் அதை ஸுஜாஜிய்யா என்றே அழைத்தன. ஸுஜாஜ் என்றால் கண்ணாடி. மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். ஒளி தடையில்லாமல் விழித்திரைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அல்லாஹ் அதை அவ்வளவு தெளிவாகப் படைத்திருக்கிறான்.

அந்தக் கூழ் சுமார் 4 மில்லி. ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அதில் 100-க்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர். வலையில் சொறி ஏறுகிறதே, பட்டணத்தார் ஜெல்லி மீன் என்பார்கள், அதுவும் பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனாலும் உருவம் இருக்கிறது. அதுபோல இந்தக் கூழும் உருவம் கலையாமல் நிற்கக் காரணம், அதற்குள் மிக மெல்லிய கொலாஜன் இழைகளால் ஆன ஒரு வலை இருப்பது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் ஹயலுரானிக் அமிலம் என்ற இன்னொரு பொருள் இடையில் நின்று, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வலைக் கண்களை விரித்து வைக்கிறது. இந்த வலையின் பின்பக்கம் விழித்திரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, சர்க்கரை இங்கே என்ன செய்கிறது?

தோசைக் கல்லில் தோசை பொன்னிறமாகச் சிவக்கிறது. அடுப்பில் ரொட்டி சிவக்கிறது. மாவில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் மாறுகின்றன. 1912-ல் பிரான்ஸ் நாட்டின் மையார் என்ற அறிஞர் இந்த வினையை விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அதே வினை நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. அடுப்புச் சூடு இல்லாததால் நிமிஷத்தில் நடப்பது வருஷக்கணக்கில் நடக்கிறது, அவ்வளவுதான். இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் வேகமும் கூடுகிறது.

இதற்கு உங்களில் பலர் கையிலேயே சாட்சி இருக்கிறது. 'மூன்று மாத சர்க்கரை' என்று ஒரு டெஸ்ட் எடுக்கிறீர்களே, ஹெச்.பி.ஏ.1சி என்று சீட்டில் போட்டிருக்கும். அது என்ன? இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் இது கூடுதலாக இருப்பதை 1968-ல் ஈரான் நாட்டின் சாமுவேல் ரஹ்பர் வெளியிட்டார். அதிலிருந்துதான் இந்தப் பரிசோதனை பிறந்தது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பிறகு அது அழிந்து புதியது வருகிறது. ஆகவே நீங்கள் மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் அந்த எண் இறங்கிவிடுகிறது. பழைய கணக்கு தீர்ந்து புதுக் கணக்குத் தொடங்குகிறது.

கண்ணுக்குள் இருக்கும் கொலாஜன் அப்படியில்லை. அது பெரும்பாலும் சிறு வயதில் நெய்யப்பட்டது. பிறகு புதுப்பிக்கப்படுவது மிக மிகக் குறைவு. விட்ரியஸில் இருக்கும் கொலாஜனின் முக்கிய வகை மூட்டுக் குருத்தெலும்பிலும் இருக்கிறது. மூட்டில் உள்ள அந்தக் கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ஒரு மனிதனின் ஆயுளுக்குள் பழையது பழையதாகவே இருக்கிறது. 10 வருஷத்துக்கு முன் ஒட்டிய சர்க்கரையின் தடம் இன்றைக்கும் அங்கே இருக்கலாம். இரத்தத்தின் கணக்குப் புத்தகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. கண்ணின் கணக்குப் புத்தகம் ஆயுள் முழுவதும் ஒன்றேதான்.

முதலில் சர்க்கரை கொலாஜனில் வெறுமனே ஒட்டுகிறது. அந்த நிலையில் சர்க்கரை அளவு குறைந்தால் கழன்றுவிடவும் வாய்ப்பு உண்டு. நாளாக நாளாக அது உருமாறி, கழற்ற முடியாத பொருளாகிவிடுகிறது. அதன் பிறகு ஓர் இழையையும் பக்கத்து இழையையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. குறுக்குப் பிணைப்பு என்கிறார்கள். வலை கட்டுகிறவர் போடும் முடிச்சு வலைக்கு உருவம் தருகிறது. யாரும் கேட்காமல், கண்ட இடத்தில் விழும் முடிச்சு வலையைச் சுருட்டிவிடுகிறது.

தோல் பதனிடுவதும் இந்த வகைக் காரியம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்தில் நம் சமுதாயத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்தால் அதில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் கொலாஜன் இழைகளைப் பிணைத்துவிடுகிறது. பச்சைத் தோல் அழுகாத, விறைப்பான தோலாகிறது. செருப்புக்கு அது நல்லது. கண்ணுக்குள் இருக்கும் மெல்லிய இழைகள் விறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1992-ல் அமெரிக்காவில் செபாக் என்ற கண் மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும், முற்றிய சர்க்கரைக் கண் நோய்க்கு அறுவை செய்தபோது எடுத்த விட்ரியஸை ஆராய்ந்து பார்த்தார்கள். சர்க்கரை ஒட்டிய பொருளும், வழக்கத்துக்கு மாறான பிணைப்புகளும் அதில் கூடுதலாக இருப்பதைக் கண்டு எழுதினார்கள். விட்ரியஸ் கூழ் எல்லாருக்கும் வயதானால் கொஞ்சம் நீர்த்துப்போவதுதான். சர்க்கரை நோயாளிக்கு அந்த மாற்றம் முன்கூட்டியே வருகிறது. இழைகள் ஓரிடத்தில் சுருண்டு திரள்கின்றன. மற்ற இடத்தில் தண்ணீர் தனியே பிரிந்து நிற்கிறது.

இனி இரத்தக் குழாய். விழித்திரையில் ஓடும் குழாய்கள் மயிரிழையைவிட மெல்லியவை. அவற்றின் சுவரைத் தாங்கும் அடிப்படலமும் ஒரு வகைக் கொலாஜனால் ஆனதே. சர்க்கரை நோயில் அந்தப் படலம் தடிக்கிறது, விறைக்கிறது. கூடவே சுவரைத் தாங்கும் உயிரணுக்கள் சாகின்றன. சில இடத்தில் குழாய் கசிகிறது. சில இடத்தில் அடைபடுகிறது. சர்க்கரை கண்ணைக் கெடுக்கும் வழி கொலாஜன் ஒன்று மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. வேறு வழிகளும் உண்டு. இரத்த அழுத்தமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அடைபட்ட இடத்தில் பிராணவாயு கிடைக்காத விழித்திரை, 'எனக்கு இரத்தம் வேண்டும்' என்று இரசாயனச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியால் புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை பலமில்லாத, எளிதில் கிழியும் குழாய்கள்.

அந்தப் புதுக் குழாய்கள் எதைப் பற்றிக்கொண்டு படர்கின்றன? பாகற்கொடிக்குப் பந்தல் போல, விழித்திரையோடு ஒட்டியிருக்கும் அந்தக் கொலாஜன் வலையின் பின்பக்கத்தைப் பற்றிக்கொண்டுதான் படர்கின்றன. சர்க்கரையால் அந்த வலை சுருங்குகிறது. ஆனால் விழித்திரையிலிருந்து முழுதாகக் கழன்றுகொள்வதில்லை. சிப்பிப் பாறையில் சிக்கிய வலையைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாய் கிழிந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டுகிறது. அல்லது விழித்திரையே இடத்தைவிட்டுப் பிய்ந்து எழுகிறது. முன்பே வலை முழுதாகக் கழன்றுவிட்ட கண்களில் இந்த முற்றிய நிலை குறைவாகவே வருகிறது. பந்தல் இல்லாத இடத்தில் கொடி ஏறுவதில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். "கண் நன்றாகத் தெரிகிறதே?"

தெரியும். நான் இதுவரை சொன்ன அத்தனையும், ஒட்டியது, முடிச்சு விழுந்தது, குழாய் தடித்தது, புதுக் குழாய் முளைத்தது கூட, பார்வை தெளிவாக இருக்கும்போதே நடந்துவிடக்கூடும். வலி இல்லை. சிவப்பு இல்லை. நீர் வடிவதில்லை. நடுப் பார்வை கெடாதவரை மனிதனுக்கு ஒன்றும் தெரியாது. காலண்டரில் உள்ள சின்ன எழுத்தையும் படித்துவிடுவார். ஒருநாள் காலையில் கண் முன் கருப்பு நூல் நூலாக மிதக்கும், கொசு பறப்பது போல இருக்கும், அல்லது புகை மூடியது போல ஆகும். அன்றைக்குத்தான் நோய் வந்தது என்று நாம் நினைக்கிறோம். நோய் வந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கண் அறுவைக்குப் பணம் கேட்டு வருகிறவர்களிடம் "இதற்கு முன் கண்ணுக்குள் மருந்து விட்டுப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கண் தெரிந்தது, அதனால் போகவில்லை." வலை பழுது பார்த்துப் பிழைக்கிறவர், பனையோலைக் கூடை முடைகிற பெண், முழு ஓட்டுநர் வேலை பார்க்கிற பையனின் தகப்பனார், எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கண் தெரிகிறவன் கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு விளக்கமாகச் சொன்னதில்லை.

இது பட்டணத்து நோய் என்றும் நினைக்க வேண்டாம். சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சென்னை நகரத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 100-க்கு 18 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. பிறகு நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் உள்ள கிராமங்களில் பார்த்தார்கள். அங்கே 100-க்கு 10 பேர். கிராமத்தில் குறைவுதான், ஆனால் இந்தக் கூட்டத்தில் சர்க்கரை உள்ளவர்கள் 50 பேர் இருந்தால், அந்தக் கணக்குப்படி 5 பேருக்கு இருக்கலாம். அந்த 5 பேர் யார் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விழித்திரையைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்று சொல்கிறது. நம் குப்பங்கள் மட்டும் தப்பிவிடும் என்று எண்ண இடமில்லை.

சிலர் வேறு விதமாகச் சொல்கிறார்கள். "இப்போது என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, டெஸ்ட் நன்றாக வருகிறது, கண்ணைப் பற்றிக் கவலையில்லை." அல்ஹம்துலில்லாஹ், கட்டுக்குள் இருப்பது பெரிய நிஃமத். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு இதற்கு இரண்டு பாடம் சொல்கிறது. ஆரம்பத்திலிருந்தே சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் நோய் புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. இது நற்செய்தி. ஆய்வு முடிந்த பிறகு இரு பிரிவினரின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய நாளில் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களின் கண்கள் அடுத்த பல ஆண்டுகளிலும் கூடுதலாகக் கெட்டன. அவர்களின் தோலிலிருந்து எடுத்த கொலாஜனில் எவ்வளவு சர்க்கரைப் பொருள் சேர்ந்திருந்ததோ, அது பின்னால் கண் கெடுவதை முன்கூட்டியே காட்டியது. உடம்பு மறப்பதில்லை. இன்றைய நல்ல எண் நாளைக்கு உதவும். நேற்றைய கணக்கை அழிக்காது. ஆகவே சர்க்கரை கட்டுக்குள் உள்ளவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை வேண்டும்.

ஆவாரம்பூத் தண்ணீர் குடிக்கிறேன், வெந்தயம் சாப்பிடுகிறேன் என்கிறவர்கள் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாமல் இருந்தால் நமக்கு வாதம் இல்லை. ஆனால் விழுந்துவிட்ட முடிச்சை அவிழ்க்கும் இலையோ, மாத்திரையோ இன்றைக்கு நடைமுறையில் இல்லை. அந்த முடிச்சை உடைக்கும் மருந்துக்கு உலகத்தில் முயற்சி நடக்கிறது. கண்ணுக்குக் கொடுக்கும் நிலைக்கு வரவில்லை. அதனால்தான் முடிச்சு விழும் முன் சர்க்கரையைக் குறைப்பதும், விழுந்தபின் வரும் சேதத்தை நேரத்தோடு கண்டுபிடிப்பதும் நம் கையில் உள்ள இரண்டு வழி.

நேரத்தோடு கண்டுபிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது. லேசர் வைத்து, பிராணவாயு கேட்டுக் கூவும் விழித்திரைப் பகுதியை அடக்கலாம். கடுமையான பார்வை இழப்பை அது பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைக்கிறது என்று 1976-லேயே நிரூபித்துவிட்டார்கள். கசிவுக்குக் கண்ணுக்குள் ஊசி மருந்து இருக்கிறது. கண்ணுக்குள் இரத்தம் கொட்டிவிட்டாலும், விழித்திரை இழுபட்டாலும், அந்தச் சுருண்ட கூழையே வெட்டி எடுக்கும் அறுவை இருக்கிறது. 1970-ல் அமெரிக்காவின் மியாமியில் ராபர்ட் மாகெமர் தொடங்கிய முறை. இன்று சென்னையிலேயே செய்கிறார்கள். ஆனால் லேசரோடு முடிவது ஒரு வகை, அறுவைக்குப் போவது இன்னொரு வகை. அறுவைக்குப் போனவருக்குப் பழைய பார்வை முழுதாகத் திரும்பும் என்று எந்த டாக்டரும் வாக்குக் கொடுப்பதில்லை.

பரிசோதனையைப் பற்றிப் பயம் வேண்டாம். ஊசி இல்லை, வெறும் வயிறு வேண்டியதில்லை. கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். கண்மணி விரிய அரை மணி நேரம் போல ஆகும். பிறகு விளக்கு வைத்துப் பார்ப்பார்கள், அல்லது படம் எடுப்பார்கள். சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அவ்வளவுதான். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, படகு எடுக்கக்கூடாது. அந்த ஒருநாள் கூலிதான் நம் மக்களைத் தடுக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே உங்களுக்குப் பாடு இல்லாத நாளாகப் பார்த்துப் பெயர் கொடுங்கள். கூட ஒருவரை அழைத்து வாருங்கள். தொப்பியோ குடையோ இருக்கட்டும்.

யார் எப்போது பார்க்க வேண்டும்? நடுத்தர வயதில் வருகிற சர்க்கரை என்றால், நோய் இருக்கிறது என்று தெரிந்த உடனே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. அந்த நோய் நமக்குத் தெரியும் முன்பே சில வருஷம் உடம்பில் இருந்திருக்கும் என்பதுதான் காரணம். சிறு வயதிலேயே இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு 5 வருஷத்துக்குள் முதல் பரிசோதனை, பிறகு ஆண்டுதோறும். முன்பே சர்க்கரை உள்ள பெண்கள் கர்ப்பம் தரித்தால் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும்; அந்தக் காலத்தில் கண் நோய் வேகமாக முற்றக்கூடும். டாக்டர் இதைவிடச் சீக்கிரம் வரச் சொன்னால் அவர் சொல்லே கணக்கு. கருப்பு நூல் மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்தது போல இருந்தாலோ நம் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே புறப்படுங்கள்.

ரமலான் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை உள்ளவர்கள் நோன்புக்கு ஓரிரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பதும் வணக்கம்தான். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். இஃப்தாருக்குப் பின் ஒரேயடியாக இனிப்பும் பொரித்ததும் சேர்ந்தால் மாதம் முழுவதும் சர்க்கரை ஏறியே நிற்கும். அதையும் கண் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

இனி இரண்டாவது கேள்வி: ஏழையிடம் நிபந்தனை போடலாமா?

நிர்வாகக் குழுவில் பேசி, விதியை இப்படி அமைக்கலாம் என்று உங்கள் முன் வைக்கிறோம். சீட்டு இல்லை என்பதற்காக யாருக்கும் மருந்து உதவி நிறுத்தப்படாது. ஒருநாள் கூட நிறுத்தப்படாது. சீட்டு இல்லாதவரின் பெயர் ஒரு தனிப் பட்டியலில் எழுதப்படும். மூன்று மாதத்துக்குள் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுவது அறக்கட்டளையின் பொறுப்பு. வண்டிச் செலவும் சாப்பாடும் நம்முடையது. கூட வர ஆள் இல்லாதவருக்கு நம் இளைஞர்களில் ஒருவர் போவார். பெண்களுக்குப் பெண்களே துணை. நிபந்தனை என்று பார்த்தால் அது ஏழைக்குப் போட்டதல்ல, நமக்கு நாமே போட்டுக்கொண்டது.

இந்த உதவி இந்த ஊரார் எல்லாருக்கும்தான். எந்தக் குப்பம், எந்த மார்க்கம் என்று பட்டியலில் பத்தி கிடையாது. ஒரே ஏரித் தண்ணீரில் பிழைக்கிறோம்.

அரசாங்கமும் தன் பங்கைச் செய்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழமையானது. நாம் இருக்கும் இடத்திலிருந்து அது ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மாத்திரை வீடு தேடி வந்துவிடுகிறது. கண் மட்டும் நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. இந்த இடைவெளியைத்தான் அறக்கட்டளை நிரப்ப வேண்டும் என்கிறேன். ஓர் அறுவைக்கு நாம் சேர்த்துக் கொடுக்கும் பணத்தில் எத்தனை பேரை வண்டி வைத்துப் பரிசோதனைக்கு அழைத்துப்போகலாம் என்று பொருளாளர் கணக்குப் பார்க்கட்டும். அறுவைக்கு உதவுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அறுவை வரை போகவிடாமல் தடுப்பதும் தர்மம்தான் என்று சொல்கிறேன். முன்னது எல்லார் கண்ணுக்கும் தெரியும் உதவி, புகைப்படம் எடுக்கலாம். பின்னது யார் கண்ணுக்கும் தெரியாது. பார்வை போகாத மனிதன் வழக்கம் போல வலையை எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான்.

வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் அத்தா, அம்மா, பெரியம்மா யாருக்காவது சர்க்கரை இருந்தால் "கண் தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள், தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக எந்த வருஷம் கண்ணுக்குள் மருந்து விட்டுப் பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் இன்று வெளியே மேசையில் இருக்கும் நோட்டில் அவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பீடி, சிகரெட் பிடிக்கிறவர் இருந்தால் அதை விடச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்பு நமக்குச் சொந்தமல்ல; அமானிதம். ஒப்படைத்தவன் கேட்கும் நாளில் கண்ணைப் பற்றியும் கேட்பான். அடுத்தவர் பொருளைப் பாதுகாக்கிறவன் அது கெட்ட பிறகு பூட்டுத் தேடுவதில்லை. வல்ல ரஹ்மான் நம் அனைவரின் பார்வையையும் கடைசி மூச்சு வரை பாதுகாத்து, இந்தப் பணியில் நமக்கு இஹ்லாஸையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.

யோசனை மீது உங்கள் கருத்துகளை இப்போதே சொல்லலாம். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.